நெல்லையிலிருந்து விமானம் ஏற: வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா?

பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். விமானப் பயணத்தில் என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. விமான நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை டிக்கெட் போடும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டவுனிலிருந்து: அண்ணாச்சி, சென்னைக்கு அவசரமாகப் போகணும். மதுரையை விட தூத்துக்குடியில் இரண்டாயிரம் ரூபாய் கூடக் காட்டுகிறது. மதுரைக்கே போய்விடவா?

ஒரு ஆள் என்றால் வேண்டாம். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போடுங்கள். தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். கே.டி.சி. நகர் தாண்டி நாலு வழிச்சாலையில் ஏறினால் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மதுரை விமான நிலையம் 150 கிலோமீட்டருக்குப் பக்கம். கார் வாடகை, டிரைவர் பேட்டா, வழியில் உள்ள டோல்கேட்டுகள், கார் காலியாகத் திரும்பி வரும் ஓட்டம் எல்லாம் சேர்த்தால் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த இரண்டாயிரம் எப்போதோ போய்விடும். போகிற நேரம் வேறு.

குடும்பமாக நாலு பேர் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். டிக்கெட்டில் எட்டாயிரம் மிச்சம், கார் ஒன்றுதான். அப்போது மதுரை சரி.

வாகைக்குளத்துக்கு பஸ்ஸிலும் போகலாம். தூத்துக்குடி பஸ் அந்தச் சாலையில்தான் போகிறது. ஆனால் நடுவில் நிற்காத பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள்; ஏறும்போதே கண்டக்டரிடம் "ஏர்போர்ட் ஸ்டாப்பில் நிற்குமா" என்று கேளுங்கள். அப்புறம், வல்லநாடு ஆற்றுப்பாலம். பல வருஷமாக அந்தப் பாலம் பழுதாவதும், ஒரு பக்கத்தை அடைத்து வேலை பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அடைத்த நாளில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அதற்கென்று அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பெரும்பாலான கம்பெனிகள் உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடும், பாலத்தைக் காரணம் சொன்னால் திறக்க மாட்டார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: வாகைக்குளத்தில் இனிமேல் பெரிய விமானம் வருமா?

அதற்கு வேண்டிய வசதி வந்துவிட்டது. முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான், அதனால் இறக்கையில் விசிறி உள்ள, ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானம் மட்டும் வந்து போனது. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர். புது முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார், செலவு சுமார் 450 கோடி. ஆனால் ஓடுபாதை நீளமானதால் மட்டும் விமானம் வந்துவிடாது. இருக்கை நிரம்பினால்தான் கம்பெனிக்காரர்கள் பெரிய விமானத்தை அனுப்புவார்கள். நெல்லை, தென்காசி ஆட்கள் நாம் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் இங்கே கூட்டம் எப்படிச் சேரும்? கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற நாளில் வாகைக்குளத்திலேயே ஏறுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

வள்ளியூரிலிருந்து: எங்களுக்குத் திருவனந்தபுரம்தானே வசதி?

ஆமாம். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். டெல்லி, மும்பைக்கு நேராகப் போகும் விமானமும் அங்கே கிடைக்கும். தூரம் குறைவுதான், ஆனால் நாகர்கோவில் தாண்டி களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்களுக்கு நடுவே போகும் சாலை. கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். ரயிலில் போனால் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். அங்கே முனையம் 1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம், முனையம் 2 சாக்கைப் பக்கம். நடுவில் ஓடுபாதை. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து, கார் டிரைவரிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பத்மநாப சுவாமி கோவில் ஆராட்டு. ஐப்பசியிலும் பங்குனியிலும் சுவாமி சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அந்த இரண்டு நாளும் சாயங்காலத்தில் சில மணி நேரம் விமானமே கிடையாது. அந்த நாளுக்கு டிக்கெட் போட்டிருந்தால் நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையநல்லூரிலிருந்து: தம்பி துபாய்க்குப் போகிறான். தூத்துக்குடி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறு கம்பெனியில் ஒரு டிக்கெட். தனித்தனியாகப் போட்டால் நாலாயிரம் குறைகிறது. போடலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான்.

முதல் விஷயம், எடை. துபாய் டிக்கெட்டில் 30 கிலோ வரை விடுவார்கள் என்று நம்பி அம்மா பெட்டியைக் கட்டுவார்கள். ஆனால் உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். வாகைக்குளம் கவுண்டரில் வைத்தே மீதிக் கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். நாலாயிரம் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். ஒரே டிக்கெட் என்றால் வழக்கமாக வெளிநாட்டு அளவே வாகைக்குளத்திலிருந்தும் செல்லும், பெட்டியும் துபாய் வரைக்கும் சீட்டு ஒட்டிப் போய்விடும்.

இரண்டாவது, தாமதம். தூத்துக்குடி விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி, துபாய் விமானம் போய்விட்டது என்று வையுங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். வேலைக்குச் சேரும் தேதியோடு போகிறவன் இந்த ஆபத்தை எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், சென்னையில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வைக்கிற மாதிரி முதல் டிக்கெட்டை மாற்றுங்கள். உள்நாட்டு முனையத்தில் இருந்து வெளிநாட்டு முனையத்துக்கு நடந்தே போகலாம், அதில் சிரமம் இல்லை.

திரும்பி வரும்போது ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். தம்பியிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு வழியும் உண்டு. செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் போய் நேராகத் துபாய் விமானம். மலைப்பாதைதான், ஆனால் நடுவில் விமானம் மாறும் கவலை இல்லை. நான் என் வீட்டு ஆளை அனுப்பினால் அப்படித்தான் அனுப்புவேன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. பிரச்சினையா?

துபாய்க்கு விசிட் விசா என்றால் பிரச்சினைதான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. டிக்கெட் போடும் முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள்.

சமாதானபுரத்திலிருந்து: டெல்லியில் மகள் வீட்டுக்கு அல்வா, கருப்பட்டி, தேங்காய், ஊறுகாய் கொண்டு போகலாமா அண்ணாச்சி?

அல்வா, கருப்பட்டி தாராளமாகக் கொண்டு போங்கள், அக்கா. அல்வாவைக் கையில் வைத்திருந்தால் ஸ்கேனரில் கட்டியாகத் தெரியும், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். அதனால் மேலாக வையுங்கள். நெய் கசியும் என்பதால் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவது நல்லது. ஊறுகாய், எண்ணெய், நெய் பாட்டில் எல்லாம் ஒப்படைக்கும் பெட்டியில். அருவாமனையும் அதில்தான்.

முழுத் தேங்காய் ஒப்படைக்கும் பெட்டியில் போகலாம். கொப்பரை எதிலும் கூடாது, எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் பொருள் என்று தடை. சபரிமலை சீசனில் மட்டும் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டு போக அனுமதி அறிவிப்பார்கள். 2022 நவம்பரில் அப்படித் தளர்த்தினார்கள். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அம்மாவுக்கு 74 வயது, முட்டுவலி. விமானத்தில் படி ஏற முடியுமா?

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்பிடுங்கள், அதற்குப் பணம் இல்லை. ஏடிஆர் விமானத்தில் கதவு பின்பக்கம், படிகளும் குறைவு. படியே முடியாது என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். "நாற்காலி" என்றால் முனையத்துக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். வழியோர இருக்கையாகப் பாருங்கள், மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: மழைக்காலத்தில் விமானம் ரத்தானால் பணம் கிடைக்குமா?

டிக்கெட் பணம் முழுசும் கிடைக்கும், அல்லது மாற்று விமானம். இரண்டில் எது வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. அதற்கு மேல் நஷ்டஈடு, மழை, புயல் என்றால் கிடையாது. கம்பெனி தன் காரணத்தால், புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து என்று சொன்னால்தான் நஷ்டஈடு. ஒன்றில் இருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. சென்னை விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும், ஆறு மணி நேரம் தாண்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தரவில்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, ரயில் உங்கள் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. கார்த்திகை, மார்கழியில் பரீட்சை, நேர்முகத் தேர்வு, விசா தேதி என்று தள்ளிப்போட முடியாத காரியம் இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

பேட்டையிலிருந்து: வந்தே பாரத் இருக்கும்போது விமானம் எதற்கு?

சென்னை ஊருக்குள் வேலை என்றால் வந்தே பாரத் போதும், சுமார் எட்டு மணி நேரத்தில் எழும்பூர். சென்னையில் விமானம் பிடிப்பதற்காகப் போகிறவர்களும் ரயிலில் போகலாம். எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் திரிசூலம், எதிரே விமான நிலையம். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரம். மத்தியானத்துக்கு மேல் புறப்படும் விமானமாக இருந்தால், ரயில் கொஞ்சம் பிந்தினாலும் பதற்றம் இல்லை.