ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டா? கேட்டால் அந்தக் கோபம் பிள்ளை மேல் திரும்புமா?

உரிமை உண்டு. உங்கள் பிள்ளை ஆறாம் வகுப்பு என்கிறீர்கள். 6 முதல் 14 வயது வரைக்குமான கல்வி உரிமைச் சட்டம் (2009) அவனுக்குப் பொருந்தும். அதன் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்று தெரிவிப்பதும் அவற்றில் ஒன்று. அதனால் நாம் போய்க் கேட்பது சலுகை இல்லை.

பிள்ளை மேல் கோபம் திரும்புமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறோம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, முதல் பீரியடில் வாரக்கணக்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. ஆத்திரத்தோடு கிளம்பினேன். இரண்டு நாளும் வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்லி, தலைமை ஆசிரியருக்கு நாலு வரியில் கடிதம் எழுதினேன். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. "என் மகளின் படிப்பு பற்றி வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும், நாளும் நேரமும் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.

டீச்சர் ஒன்றும் பேசாமல் இரண்டு நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். முதல் பீரியட் கணக்கு நோட்டில் எழுத்து பாதி வரியில் சரிந்து, பேனா கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. மதியம் எழுதிய அறிவியல் நோட்டு முத்து முத்தாக இருந்தது. "காலையில வீட்ல என்ன செய்யறா?" என்று கேட்டார். நாலரை மணிக்கு எழுப்பித் தார் சுற்ற (தறிக்கான நூலைச் சிறு குழலில் சுற்ற) உட்கார வைத்தது நான்தான். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. தூங்கி விழுவதைத் திமிர் என்று அவர் நினைத்திருக்கிறார். டைரியில் மூன்று முறை "கவனம் இல்லை" என்று எழுதியிருந்ததைப் படிக்காமலே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனாலும் வெளியே நிற்க வைத்தது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். அவர் ஒத்துக்கொண்டார். நானும் தார் வேலையை நிறுத்தினேன். மகள் மேல் யாரும் கோபம் காட்டவில்லை.

நீங்களும் முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள். குற்றச்சாட்டோடு போகாதீர்கள், பிள்ளையைப் பற்றிய ஒரு கேள்வியோடு போங்கள். மழுப்பினால் எழுத்தில் கொடுங்கள். அடி, மிரட்டல் என்றால் காத்திருக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். அது எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர், ஆம்பூர் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. அங்கேயும் கடிதமும் சீல் போட்ட நகலும் உதவும். அரசுப் பள்ளி என்றால் மேலாண்மைக் குழு இருக்கும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் என்று நாளைக்கே விசாரியுங்கள்.