வரலாற்றுத் தொடர்களில் எந்த அளவு கற்பனையைப் பொறுத்துக்கொள்ளலாம்? ‘செர்னோபில்’ தொடரை உண்மை என்று நம்பலாமா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், 1986-இல் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலையில் நடந்த விபத்தைப் பற்றி 2019-இல் வெளிவந்த அந்த ஐந்து பகுதித் தொடரைத் தாங்கள் அண்மையில்தான் பார்த்து முடித்திருக்கிறீர்கள் என்றும், அது தந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் ‘இதில் பாதி கட்டுக்கதை’ என்று யாரோ சொல்லக் கேட்டு மனம் சலித்திருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். சலிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா மாற்றங்களையும் ஒரே தராசில் நிறுக்கவும் முடியாது. நாடகத்துக்காக ஆளையும் நாளையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளட்டும்; எதனால் எது நடந்தது என்பதை மாற்றக் கூடாது என்பதே என் கட்சி. நான் வரலாறு படித்தவன் அல்லன். தொடர்களுக்கு விமர்சனம் எழுதுபவனும் அல்லன். தென் மாவட்டம் ஒன்றில் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ‘கரண்ட் வைக்கிறவர்’ என்று சொன்னால்தான் தெரியும்.

முதலில் எனக்கு உறுத்தாத மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். விபத்தை ஆராய்ந்த விஞ்ஞானியும் தொடரின் நாயகனுமான வலேரி லெகாசோவ் இறந்து கிடந்தது 1988 ஏப்ரல் 27 அன்று. தொடரோ, விபத்து நடந்து சரியாக இரண்டு ஆண்டு நிறையும் ஏப்ரல் 26-ஆம் தேதிக்கு அதை நகர்த்தியது. யாருக்கு என்ன நட்டம்? 1987 ஜூலையில் செர்னோபில் நகரத்தில் நடந்த வழக்கு விசாரணைக்கு லெகாசோவும் போகவில்லை, விபத்து விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சோவியத் அமைச்சரவைத் துணைத் தலைவர் ஷெர்பினாவும் போகவில்லை. தொடரின் கடைசிப் பகுதியோ, அந்த நீதிமன்றத்தில் லெகாசோவ் எழுந்து நின்று உலையின் குறையை உடைத்துப் பேசுவதில்தான் நிற்கிறது. அவர் உண்மையில் உலகத்தின் முன் பேசியது 1986 ஆகஸ்டில் வியன்னாவில். அங்கே வைக்கப்பட்ட சோவியத் அறிக்கை பழியின் பெரும்பங்கை உலையை இயக்கியவர்கள் தலையில்தான் போட்டது. இருந்தாலும் அந்த நீதிமன்றக் காட்சியை நான் மன்னித்துவிடுவேன். சிவப்பும் நீலமுமாக அட்டைகளை வைத்துக்கொண்டு ஓர் அணு உலை எப்படித் தடுமாறுகிறது என்பதையும், உலையை நிறுத்துவதற்கென்று இருந்த பொத்தானை அழுத்தியதே கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கிராஃபைட் நுனி காரணமாக எப்படி வினையாயிற்று என்பதையும் அந்தக் காட்சி விளக்கியதைப் போல் ஒரு பாடப்புத்தகம்கூட எனக்கு விளக்கியதில்லை. இடம் பொய், பேசியவர் பொய், பேசிய பொருள் மெய்.

இதற்குமேல்தான் நெருடல் தொடங்குகிறது. விபத்து நடந்த இரவில் உலையில் சோதனையை மேற்பார்வையிட்ட துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவைத் தொடர் ஏறத்தாழ ஒரு வில்லனாகவே வார்த்துவிட்டது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1992-இல், இயக்கியவர்கள் மேல் பழி போட்ட தன் முந்தைய முடிவைத் திருத்தி, உலை வடிவமைப்பின் பங்கை முன்னே கொண்டுவந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் ஒருதலைப்பட்சமாகத்தான் படும். ஹெலிகாப்டர் விழும் காட்சியையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். உண்மையில் அது விழுந்தது 1986 அக்டோபர் 2 அன்று. இறக்கை கிரேனின் கம்பியில் பட்டு நொறுங்கியதில் நால்வர் இறந்தனர். தொடர் அதை விபத்தின் முதல் நாட்களுக்கு இழுத்துவந்துவிட்டது. கம்பி ஒரு கணம் கண்ணில் படுகிறதுதான். ஆனால் உலைக்கு நேர்மேலே பறக்காதே என்று எச்சரித்த மாத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தால், கதிர்வீச்சுதான் அதைப் பிடித்துக் கீழே இழுத்தது என்று பார்ப்பவர் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? நான் மேலே சொன்ன எல்லை இங்கே முதல் முறையாகத் தாண்டப்படுகிறது.

என் வயிற்றெரிச்சல் வேறு ஓரிடத்தில். தீயணைப்பு வீரர் வசீலி இக்னத்தென்கோவும் அவருடைய கர்ப்பிணி மனைவி லுத்மீலாவும் உண்மையில் வாழ்ந்தவர்கள். வசீலி 1986 மே 13 அன்று மாஸ்கோவின் ஆறாம் எண் மருத்துவமனையில் இறந்தார். பிறகு பிறந்த பெண் குழந்தை சில மணி நேரமே உயிரோடு இருந்தது. தொடரில், தாயைக் கொன்றிருக்க வேண்டிய கதிர்வீச்சைக் குழந்தை தன்னுள் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள் என்று ஒருவர் குரல் நடுங்கச் சொல்கிறார். கணவரைத் தொட்டதாலும் அவர் அருகில் இருந்ததாலும் மனைவிக்கும், அவர் வழியாகக் கருவுக்கும் அது பாய்ந்தது என்பதுதான் பார்ப்பவர் மனத்தில் தங்குகிறது.

இதை நான் ஏன் பெரிதாக்குகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. தொடர் வந்து சில மாதங்கள் கழித்து, வாய்ப் புற்றுநோய்க்காக எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு மூதாட்டியின் மகன் என்னைத் தனியாக அழைத்தார். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், நன்றாகப் படித்தவர், தாயின் மேல் உயிரையே வைத்திருந்தவர். “சார், அம்மாவுக்குக் கரண்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் என் மனைவி எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்? ஏழாவது மாதம் நடக்கிறது” என்றார். விசாரித்தபோதுதான், சிகிச்சை நடந்த வாரங்கள் முழுவதும் அந்த அம்மா பின்கட்டில் தனி அறையில், தனித் தட்டோடும் தம்ளரோடும் இருந்திருக்கிறார் என்பது தெரிந்தது. மருமகளின் வளைகாப்புக்கு அவர் கூடத்துக்கு வரக் கூடாது என்றும் முடிவாகியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். “ஹாட்ஸ்டாரில் ஒரு தொடர் வந்தது சார், உண்மைச் சம்பவம். அதில் ஒரு அணு விஞ்ஞானியே சொல்கிறாரே” என்றார்.

அவருக்கு நான் சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும் சொல்கிறேன். அவருடைய தாய்க்குக் கொடுக்கப்பட்டது இயந்திரத்திலிருந்து வெளியே வரும் எக்ஸ் கதிர். நாளொன்றுக்கு 2 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 33 நாட்கள், மொத்தம் 66 கிரே, கழுத்துக்கும் வாய்க்கும் மட்டும். இயந்திரத்தை நிறுத்தியதும் அறையில் கதிர் இல்லை. விளக்கை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்காது. நோயாளியின் உடம்பிலும் எதுவும் தங்குவதில்லை. சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றியதால், அந்த அம்மா சிகிச்சை அறையை விட்டு வெளியே வந்தவுடன் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எடுத்து அவர் தாடைக்கு அருகில் பிடித்தேன். பிறகு மகனுடைய மார்புக்கு அருகில் பிடித்தேன். இரண்டு இடத்திலும் அந்தக் கட்டடத்தில் எப்போதும் இருக்கும் அதே இயல்பான அளவுதான் காட்டியது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கு என்னத்தைத் தம்பி பார்க்கிறீங்க?” என்று கேட்டார். தொண்டை புண்ணாகி இருந்த நிலையில் அதைக் கேட்கவே அவருக்குச் சிரமம்.

செர்னோபில் வீரர்களின் நிலை வேறு என்பதை மறுக்கவில்லை. அவர்கள் மேல் கதிரியக்கத் தூசி படிந்திருந்தது. பிரிப்யாத் மருத்துவமனையின் நிலவறையில் கழற்றிப் போடப்பட்ட அவர்களுடைய உடைகள் இன்றும் ஆபத்தானவை. தொடர் அதைக் காட்டியது சரிதான். ஆனால் உடைகளைக் கழற்றி உடம்பைக் கழுவியபின் ஆபத்தின் பெரும்பங்கு போய்விடுகிறது. முழு உடம்பும் ஒரே இரவில் பல கிரே வாங்கியதால் எலும்பு மஜ்ஜை அழிந்து, நோய்க்கிருமியைத் தடுக்கும் சக்தி இல்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். அத்தகைய நோயாளியைச் சுற்றித் திரை கட்டுவது வெளியிலிருந்து கிருமி அவரை அண்டாமல் காப்பதற்காகத்தான். தொடரைப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அவரிடமிருந்து நம்மைக் காப்பதற்காக என்றே சொல்வார்கள். அந்த மருத்துவமனையிலேயே அந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேல், தொடர் வந்தபின் இந்தப் பிழையைக் கண்டித்து எழுதினார். கருவில் இருக்கும் குழந்தை தாய்க்குக் கேடயமாக நின்று கதிர்வீச்சை உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்கு இயற்பியலிலும் இடமில்லை, மருத்துவத்திலும் இடமில்லை.

இனி அந்த ‘அணு விஞ்ஞானி’ யார் என்று பாருங்கள். குழந்தை பற்றிய வாக்கியத்தைப் பேசுபவர் உலானா கோம்யுக். தொடரின் முதன்மைப் பாத்திரங்களில் அவர் ஒருவர்தான் முழுக் கற்பனை. லெகாசோவுக்குத் துணை நின்ற பல விஞ்ஞானிகளுக்கு ஈடாக உருவாக்கப்பட்டவர் என்று கடைசிப் பகுதியின் முடிவில் எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பலரை ஒருவராக்குவது பழைய நாடக உத்தி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் குழந்தைதான் தன்னைக் காப்பாற்றியது என்ற பேச்சு முதலில் யாருடையது தெரியுமா? லுத்மீலாவுடையது. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தொகுத்த செர்னோபில் வாக்குமூலங்களில் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கணவனையும் குழந்தையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த ஒரு பெண் அப்படிச் சொன்னால் அது துயரம். அதில் பிழை பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அதே பேச்சைப் பிடுங்கி, இல்லாத ஒரு விஞ்ஞானியின் வாயில் வைத்தால் அது அறிவியல் ஆகிவிடுகிறது. என்னிடம் வந்த மகன் ஒரு விதவையின் புலம்பலை நம்பி வரவில்லை. விஞ்ஞானியின் தீர்ப்பை நம்பி வந்தார். உலையின் இயற்பியலுக்கு அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டவர்கள் உடம்பின் இயற்பியலை மட்டும் ஏன் கண்ணீருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பின்னூட்டத்தில் வரப்போவது எனக்குத் தெரியும். ‘அணு உலைக்கு வக்காலத்து வாங்குகிறாயா?’ என்பார்கள். இல்லை. விபத்தில் கடும் கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டவர்கள் 134 பேர், அவர்களில் 28 பேர் அந்த முதல் சில மாதங்களிலேயே இறந்தார்கள். உண்மையே இவ்வளவு கொடியதாக இருக்கும்போது அதன் மேல் சாயம் பூசத் தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான். ‘இது ஆவணப்படம் அல்லவே’ என்பார்கள். சரி, ஆனால் பொய்களுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையே மையக் கேள்வியாக வைத்த ஒரு தொடரிடம் சற்றுக் கூடுதலாக எதிர்பார்ப்பதில் தவறில்லை. எழுதிய கிரெய்க் மேசினே எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று தனி ஒலித்தொடரில் பேசியிருக்கிறார் என்று எடுத்துக்காட்டுவார்கள். அது நேர்மையான செயல், பாராட்டுகிறேன். ஆனால் தொடரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைத் தேடிக் கேட்டிருப்பார்கள்? ‘இந்தப் பயம் தொடருக்கு முன்பே இருந்ததுதானே’ என்பவர்களுக்கும் ஆம் என்றே சொல்வேன். புற்றுநோயே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு இதுவரை சான்றிதழ் இல்லாமல் இருந்தது, தொடர் கொடுத்துவிட்டது.

இதில் எங்கள் பக்கத்துக் குறையும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் ஆறாது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் குறிப்புத்தாளைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் பல முறை கேட்டிருக்கிறேன். வரவேற்புக் கூடத்துக்குப் பெரிய தொலைக்காட்சி வந்தது, தமிழ்க் குறிப்பு வரவில்லை. ஆங்கிலத் தாளை அந்த அம்மா மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். விளக்கத்தை மகன் தொடரிலிருந்து பெற்றுக்கொண்டார்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மகன் மனம் மாறிவிட்டார். ஆனால் அவர் அதற்கு முன்பே சம்பந்தி வீட்டாருக்குத் தொடரின் கதையை விளக்கமாகச் சொல்லி வைத்திருந்தார், அதை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மாவே சொன்னார், வளைகாப்பன்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டாராம்; சத்தம் நன்றாகக் கேட்டதாம்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது என் பதிலைக் காட்டிச் சண்டை போடுவார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் 131 உட்கொண்டவர்களின் உடம்பிலிருந்து சில நாட்களுக்குக் கதிர் வெளிவரும்; அவர்களைத் தனி அறையில் வைப்பதும், வீடு திரும்பியபின் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் கொஞ்ச காலம் தள்ளி இருக்கச் சொல்வதும் முறையானதே. எத்தனை நாள் என்பதைக் கொடுத்த மருந்தின் அளவைப் பொறுத்து மருத்துவமனை சொல்லும், அதன்படி நடந்துகொள்ளுங்கள். இயந்திரத்தில் ‘கரண்ட்’ வைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அன்று மாலையே பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.