இதயத் தசைக்குள் எவ்வளவு கொழுப்பு? ஸ்கேன் பற்றி வந்த சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, இதயக் கொழுப்பை எம்ஆர்ஐ எடுத்து அளப்பதைப் பற்றித்தான். பலருக்கும் முதல் படியிலேயே குழப்பம் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிடி ரிப்போர்ட்டில் 'இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அதிகம்' என்று போட்டிருக்கிறது. இதயத் தசைக் கொழுப்பு என்பது இதுதானா?

இல்லை. இதயத்தின் மேல் போர்வை மாதிரி படிந்திருப்பது ஒன்று, இதயத் தசைச் செல்லுக்குள்ளேயே நுண்ணிய துளிகளாக நிற்பது இன்னொன்று. முதலாவது கண்ணுக்கே மஞ்சளாகத் தெரியும் கொழுப்புத் திசு. சிடியிலும் எக்கோவிலும் அதன் தடிமனையும் அளவையும் பார்க்கலாம். இரண்டாவது ட்ரைகிளிசரைடு துளிகள். மைக்ரோஸ்கோப் வைத்தால்தான் தெரியும். பழைய மாரடைப்புத் தழும்பில் தசை போய் அந்த இடத்தில் கொழுப்புச் செல்கள் குடியேறுவதும் உண்டு. அது மூன்றாவது கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். உங்கள் ரிப்போர்ட் சொல்வது முதலாவதை. அது அதிகமாக இருந்தால் உள்ளேயும் அதிகமாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

கத்தி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை என்கிறார்கள். அப்புறம் எப்படித்தான் செல்லுக்குள் இருப்பதை அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி. பயாப்சி என்றால் ரத்தக்குழாய் வழியே கருவியை விட்டு இதயத்தின் உள்சுவரில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவரிடம் போய் 'ஆராய்ச்சிக்கு ஒரு துணுக்கு கொடுங்கள்' என்று யார் கேட்பது? அதனால் வந்ததுதான் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி. இயந்திரம் அதே எம்ஆர்ஐதான், ஆனால் படம் எடுப்பதற்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி அளவு இடத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சிக்னலை மட்டும் வாங்கி, அது எந்தெந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கிறோம். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் 4.7 பிபிஎம் (அதிர்வெண் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கான அலகு) என்ற இடத்தில் நிற்கும், கொழுப்பில் இருப்பது பெரும்பாலும் 1.3 பிபிஎம்மில். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால்தான் இந்த வித்தையே சாத்தியமாகிறது.

திரையில் பார்த்தால் தண்ணீர் ஒரு மலை, கொழுப்பு அதன் அடிவாரத்தில் ஒரு எறும்புப் புற்று. மலையை அப்படியே விட்டால் புற்று தெரியாது. அதனால் தண்ணீர் சிக்னலை அமுக்கி ஒரு தடவை, அமுக்காமல் ஒரு தடவை எடுத்து, கொழுப்பைத் தண்ணீரால் வகுத்துச் சதவீதமாகச் சொல்கிறோம். உங்கள் கைக்கு வரும் 0.6, 0.9 எல்லாம் அந்த வகுத்தலின் விடைதான்.

சொல்வது சுலபம். இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது, மூச்சு அதை மேலும் கீழும் தள்ளுகிறது. எனவே ஈசிஜியோடு இணைத்து ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில், மூச்சும் ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் சிக்னலை வாங்க வேண்டும். பெட்டியை வைக்கும் இடம் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர். ஏன் அங்கே? வெளிச்சுவருக்குப் போனால் நான் மேலே சொன்ன போர்வைக் கொழுப்பு பக்கத்திலேயே இருக்கும். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் ரத்தம்தான், கொழுப்பு இல்லை.

ஒருமுறை ஒல்லியான, சர்க்கரை இல்லாத ஒருவருக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வந்தது. எனக்கே பகீர் என்றது. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், நடுவில் அவர் ஆழமாக மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறார், பெட்டியின் ஒரு மூலை போய் வெளிக்கொழுப்பில் உட்கார்ந்துவிட்டது. திரும்ப எடுத்தோம், அரை சதவீதத்துக்குக் கீழே.

எனக்கு 0.9, மனைவிக்கு 0.5. ஆண்களுக்கு இயல்பிலேயே அதிகமா?

நீங்கள் வயதையும் எழுதவில்லை, சர்க்கரை உண்டா இல்லையா என்றும் எழுதவில்லை. அது இரண்டும் தெரியாமல் இந்த வித்தியாசத்தை ஆண், பெண் கணக்கில் எழுதக் கூடாது. 2007-ல் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஆய்வில், ஒல்லியாக இருந்தவர்களின் சராசரி சுமார் அரை சதவீதம், டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுமார் ஒரு சதவீதம். சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கே கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருந்தது. ஆக, உங்களுக்கும் மனைவிக்கும் உள்ள இடைவெளியை உடல் எடையும் சர்க்கரையும் மட்டுமே விளக்கிவிடலாம்.

ஆனால் ஆண் பெண் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லவில்லை. இதயம் எந்த எரிபொருளை எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில், பெண்களின் இதயம் ஆண்களுடையதைவிடக் குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்துகிறது, ஆக்ஸிஜனை அதிகம் எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் கணக்கே வேறு என்றால் சேமிப்பும் வேறாக இருக்க வாய்ப்புண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது, அதனால் 35 வயதுப் பெண்ணையும் 60 வயது ஆணையும் பக்கத்தில் வைத்து 'பார், ஆணுக்கு அதிகம்' என்பது ஒப்பீடே அல்ல.

இன்னொன்று, அளவுகோலே இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நடுச்சுவரின் தடிமன் ஆண்களுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர், பெண்களுக்கு 6 முதல் 9 என்பது எக்கோவில் வழக்கமான கணக்கு. நாம் வைக்கும் பெட்டியின் ஒடுங்கிய பக்கமே பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் வரை போகும். அதனால்தான் இதயம் நன்றாகச் சுருங்கி, சுவர் தடித்து நிற்கும் நொடியில் எடுக்கிறோம். அப்படியும் சின்ன இதயத்தில் பெட்டி ரத்தத்துக்குள் வழியலாம். ரத்தம் என்றால் தண்ணீர், வகுக்கும் எண் ஏறும், விடை குறையும். ஆண்களுக்கோ சுற்றுக் கொழுப்பின் அளவு சராசரியாக அதிகம். பெட்டி கொஞ்சம் பிசகினால் விடை மேலே போகும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால், இல்லாத வித்தியாசம்கூட இருப்பதுபோல் தெரியும்! எனவே ஆண், பெண் என்று ஒப்பிடும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது எண்ணை அல்ல, பெட்டி வைத்த படத்தை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சில ஆய்வுகள் ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை. சர்க்கரை நோயில் இதயம் தளர்ந்து விரிவதில் கோளாறு வருவதையும் இந்தக் கொழுப்பையும் இணைத்துப் பேசிய 2008 ஆய்வும் அப்படித்தான். அதிலிருந்து எடுத்த எண்ணைப் பெண்கள் மேல் அப்படியே ஒட்டக் கூடாது.

எக்கோவிலேயே பார்த்துவிட முடியாதா?

முடியாது. எக்கோ தசையின் அசைவைக் காட்டும், உள்ளே இருக்கும் துளியைக் காட்டாது.

ஸ்கேனுக்கு முன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அளவு குறைவாகக் காட்டுமா?

நேர் எதிர். ஆரோக்கியமான ஆண்களுக்கு மூன்று நாள் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள், இதயக் கொழுப்பு ஏறியது. முழுப் பட்டினியில் இன்னும் ஏறியது. காரணம் எளிது. சாப்பாடு வராதபோது உடம்புக் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் வெள்ளம்போல் ஓடும், இதயம் எரித்தது போக மிச்சத்தைத் துளியாகக் கட்டி வைக்கும். அதே சமயம், பருமனான சர்க்கரை நோயாளிகள் 16 வாரம் மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் குறைத்தபோது அது இறங்கியது, இதயம் தளர்ந்து விரியும் திறனும் மேம்பட்டது. ஆகவே முதல் தடவை எப்படிச் சாப்பிட்டுவிட்டுப் போனீர்களோ அடுத்த தடவையும் அப்படியே போங்கள். அப்புறம், 0.6 அடுத்த தடவை 0.7 ஆனால் பதற வேண்டாம், என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கல்லீரலில் 5 சதவீதம் வரை பரவாயில்லை என்கிறார்கள். இதயத்தில் 1 சதவீதத்துக்கே ஏன் இவ்வளவு பேச்சு?

கல்லீரல் கிடங்கு, இதயம் அடுப்பு. நல்ல இதயம் தன் சக்தியில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்தை எரித்தே பெறுகிறது, சேர்த்து வைப்பது மிகக் குறைவு. அங்கே துளி பெருகினால் வரவுக்கும் செலவுக்கும் இடையில் ஏதோ பொருந்தவில்லை என்று அர்த்தம். ட்ரைகிளிசரைடு தானே பெரிய விஷம் அல்ல. செராமைடு மாதிரி கூடவே உருவாகும் வேறு கொழுப்புகள் மேல்தான் சந்தேகம் அதிகம், ஆனால் இந்த ஸ்கேனில் அவை தனியாகத் தெரியாது. புகையை அளந்து நெருப்பை ஊகிக்கிறோம்.

நான் போய் எடுத்துக்கொள்ளலாமா?

ஏதாவது ஆய்வில் சேரச் சொல்லி அழைத்தால் தாராளமாகச் சேருங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழாய்க்குள் படுத்தால் மூச்சு முட்டுபவர் என்றாலும் சொல்லுங்கள். நீங்களாகவே பணம் கட்டி எடுக்க வேண்டாம். இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் மருந்து எழுதுவதில்லை, ஏற்கனவே தெரிந்த எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும்தான் உங்கள் டாக்டர் திரும்பவும் கேட்கப் போகிறார்.