கன்வேயர் நின்ற பிறகும் திரையில் ஓடுகிறதா?
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே உங்கள் ஆலையில் கரும்பு கன்வேயர் நின்ற பிறகும் கண்காணிப்புத் திரையில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது, லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் இன்னும் மோசம் என்று எழுதியிருந்தீர்கள். படத்தை விடுங்கள், அதை பிஎல்சியின் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எந்த பிட்டோடு, அதாவது எந்த ஆன்/ஆஃப் சிக்னலோடு இணைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஸ்டார்ட் கட்டளையாகத்தான் இருக்கும். ஓடச் சொன்னதற்கு அது சாட்சி, ஓடியதற்கு இல்லை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரின் துணைக் கான்டாக்டை எடுத்தால் பரவாயில்லை, ஆனால் பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றுமே, அதனால் வால் பக்க உருளையில் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே உலோகத்தை உணர்வது) வைத்து, உருளை சுற்றும்போது வரும் பல்ஸ் வராவிட்டால் நின்றுவிட்டது என்று பிஎல்சியே முடிவு செய்யட்டும்.

கரண்ட் விஷயம் வேறு. யூபிஎஸ்ஸில் திரை உயிரோடு இருக்கும், பிஎல்சி தொடர்பு போயிருக்கும், கடைசியாகப் படித்த மதிப்பையே பிடித்துக்கொண்டு படம் ஆடும். பிஎல்சியில் வினாடிக்கு ஒன்று ஏறுகிற கவுண்டர் போடுங்கள். 5 வினாடி அது மாறாவிட்டால் அசைவு நின்று, படத்தின் மேல் பெருக்கல் குறி வரட்டும்.

அப்புறம், அந்த ஓடும் பெல்ட் தேவைதானா? 2015இல் வந்த ஐஎஸ்ஏ 101 என்ற ஆலைத் திரை வடிவமைப்புத் தரத்தையொட்டித் திரை வரைகிறவர்கள் பொதுவாகச் சுழலும் படங்களைத் தவிர்க்கிறார்கள். சாம்பல் பின்னணி, பளிச்சென்ற நிறம் அலாரத்துக்கு மட்டும். சுற்றிப் பார்க்க வருகிற பெரியவர்களுக்கு அசையும் படம் பிடிக்கும், இரவு ஷிப்ட் ஆளுக்குக் கண்தான் வலிக்கும். மேலாளர் விடமாட்டார் என்றால் மூன்று படங்களை அரை வினாடிக்கு ஒருமுறை மாற்றினால் போதும், திரையும் திணறாது.