பழைய கேமராவும் புதிய பேட்டரியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தை வைத்திருந்த கேனன் எஃப்டிபி கேமராவுக்கு 625 எண்ணுள்ள மெர்க்குரி பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. பாரிமுனையில் ஒரு வாட்ச் கடையில் அதே அளவு பேட்டரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் நன்றாக அசைகிறது. ஆனால் கழுவி வந்த நெகட்டிவ் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கேமராவின் மேல் பழி போட வேண்டாம். கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் ஆல்கலைன் பேட்டரியாக இருக்கும். அது அளவில் பொருந்தும், வோல்டில் பொருந்தாது. மெர்க்குரி பேட்டரி தீரும் தறுவாய் வரை 1.35 வோல்டை அப்படியே கொடுத்துக்கொண்டிருக்கும். அதை நம்பித்தான் 1971-இல் வந்த உங்கள் கேமராவின் மீட்டரை அமைத்தார்கள். ஆல்கலைனோ 1.5 வோல்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும். புதிதாக இருக்கும்போது உள்ளதைவிட வெளிச்சம் அதிகம் என்று முள் காட்டும், அதை நம்பி நீங்கள் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) சுருக்குவீர்கள், பிலிமுக்குப் போதிய ஒளி கிடைக்காது. பிழை ஒரே அளவில் நிற்காததால், பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண்ணான ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்துச் சரிக்கட்டவும் வழியில்லை.

மெர்க்குரியின் நச்சுத்தன்மை காரணமாக 1996-இலேயே அமெரிக்கா இவ்வகை பட்டன் பேட்டரிகளின் விற்பனையைச் சட்டத்தால் நிறுத்திவிட்டது. எனவே அதைத் தேடி அலைய வேண்டாம். வாட்ச் கடையை விட்டுவிட்டு, காது கேட்கும் கருவி விற்கும் கடையில் 675 எண்ணுள்ள ஜிங்க்-ஏர் பேட்டரியைக் கேளுங்கள். அதன் 1.4 வோல்ட் பழையதற்கு மிக நெருக்கம். விட்டம் 11.6 மில்லிமீட்டர்தான் என்பதால், பேட்டரி அறைக்குள் ஆடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் தேவைப்படும். குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும் வாஷரே போதும். பேட்டரியின் முதுகில் ஒட்டியுள்ள தாளை உரித்தால் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அவற்றின் வழியே காற்று புகச் சில நிமிடம் விட்டுப் பிறகு பொருத்துங்கள். உரித்தபின் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஓரிரு மாதங்களில் தீர்ந்துவிடும். நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரம் அதை இன்னும் விரைவுபடுத்தும். ஆகையால் படமெடுக்கப் போகும் நாளில் உரிப்பதே சிக்கனம். அடிக்கடி மாற்றப் பொறுமை இல்லையெனில், வோல்டைக் குறைக்கும் டையோடு பதித்த அடாப்டரில் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரியைப் போடுங்கள். விலை கூடுதல், ஆனால் என் தேர்வு இதுதான்.

இந்தக் கேமராவில் பேட்டரி மீட்டருக்கு மட்டுமே. ஷட்டர் அதில்லாமலே இயங்கும். காசிமேட்டு நண்பகல் வெயிலில் 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அப்பர்ச்சர் எஃப்16, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்தால் மீட்டரே வேண்டாம்.

கேள்வி: யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவின் பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், இராயபுரம்

பதில்: காது குடையும் பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் தேயுங்கள், சொட்டச் சொட்ட ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். பித்தளை பளிச்சிட்டதும் ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். இதன் பழைய பேட்டரி 5.6 வோல்ட்; 6 வோல்ட் 4எல்ஆர்44 தாராளமாக வேலை செய்யும். அது குட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் சுற்றிலும் காகிதக் குழலும், எஞ்சிய நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங்கும் வையுங்கள். பேட்டரியின்றி இதன் ஷட்டர் எப்போதும் 1/500 நொடியில்தான் விழும். பேட்டரி போட்டபின் மங்கிய அறையில் அழுத்திப் பாருங்கள்: ஷட்டர் மெதுவாக மூடினால் மின்சாரம் வந்துவிட்டது, ‘டிக்’ என்று உடனே மூடினால், பேட்டரி அறைக்குள் செல்லும் கம்பியையும் களிம்பு அரித்திருக்கலாம்.