மேபல் மெர்சர் குரல்: இசைத்தட்டில் பழுதில்லை
இரவு விடுதிகளில் பாடிப் புகழ்பெற்ற மேபல் மெர்சரும் பாபி ஷார்ட்டும் 1968இல் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் பாடிய கச்சேரிப் பதிவை வாங்கினீர்கள். மெர்சர் பாடாமல் பேசுவதுபோல் இருக்கிறது, இசைத்தட்டு பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். தட்டு சரியாகத்தான் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 68. மேல்ஸ்தாயி போய்விட்டது, உண்மைதான். ஆனால் சொல்லைக் கவனியுங்கள்: வரியின் கடைசி மெய்யெழுத்தைக்கூட விழுங்க மாட்டார். முக்கியமான சொல்லுக்கு முன் துளி நிறுத்தி, அப்புறம் தாளத்தைப் பிடிப்பார். வரியை இப்படிப் பிரித்துப் பாடுவதை இவரிடம்தான் கற்றதாக புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவே சொல்லியிருக்கிறார்!

முதலில் மெர்சர் தனியாகப் பாடுபவற்றை மட்டும், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒலிக்கருவியில் பேஸை (கனத்த கீழ் ஒலியை) கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள், சொற்கள் தெளியும். பிறகு ஷார்ட்டின் துள்ளலுக்குப் போகலாம்.