பட்டுப்புடவை இல்லாத வீட்டிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்தவர். அப்பா ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டிலிருந்தபடியே பட்டன் தைத்து, நூல் பிசிறு வெட்டித் தருகிறார். பீஸ் கணக்கில்தான் கூலி. நான் இப்போது ஃபேஷன் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். கடைசி கலெக்‌ஷனுக்கு "உன் பின்னணியைக் கொண்டு வா" என்கிறார் ஆசிரியர். வகுப்பில் மற்றவர்கள் பாட்டியின் பட்டுப்புடவை, பூர்வீக வீடு என்று கொண்டு வருகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. தாராவி என்று சொன்னால் எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். தோல் வேலையைச் சொல்லலாமா என்பதிலும் தயக்கம். படிப்பு முடிந்ததும் ஒரு டிசைனரிடம் ஆறு மாதம் சம்பளமில்லாமல் பயிற்சிக்குச் சேரும் வாய்ப்பு வந்திருக்கிறது. அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. நான் என்ன செய்யட்டும்?

எஸ்., மும்பை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பரிதாபத்தின் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பயந்து ஊரை மறைக்காதீர்கள். தகரக் கூரையையும் சந்துகளையும் துணியில் அச்சடித்து "என் தாராவி" என்று மேடையேற்றவும் செய்யாதீர்கள். உங்களிடம் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், கைதட்டவும் செய்வார்கள். ஆனால் ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கூட அதைச் செய்துவிடலாம்.

ஆடை வடிவமைப்பாளர் ராகுல் மிஸ்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூருக்குப் பக்கத்தில் மல்ஹௌசி என்ற கிராமத்துக்காரர். இயற்பியல் படித்துவிட்டு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போனார். 2006இல் உங்கள் மும்பையில், லக்மே ஃபேஷன் வீக்கில், கேரளக் கைத்தறித் துணியோடு அறிமுகமானார். 2014இல், கம்பளி உடை வடிவமைப்புக்கான சர்வதேச வுல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியர் அவர்தான். 2020இல் பாரிஸின் ஓத் கூத்தூர் (உயர்தரக் கைவேலை ஆடைகள்) வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்தியரும் அவர்தான். கிராமத்தில் பிறந்தவர் என்பது, வேலை எங்கே நடக்க வேண்டும் என்று அவர் எடுத்த முடிவில் தெரிகிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் நெருக்கியடித்து வாழ்ந்த எம்பிராய்டரிக்காரர்கள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கிருந்தே அவருக்கு வேலை செய்ய வழி செய்தார். ஒரு துணிக்கு எத்தனை மணி நேரக் கைவேலை தேவை, அந்தக் கூலி எந்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் அவருக்கு வடிவமைப்பின் பகுதிகள்.

வகுப்பில் பட்டுப்புடவையைக் கொண்டு வருகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டு வருகிறார்கள். குறை, கேள்வி கேட்பவர்களிடம் இருக்கிறது. பாரம்பரியம் என்றதும் உடுத்தியவர் வீட்டுக் கதையைத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். நெய்தவர், சாயம் தோய்த்தவர், பட்டன் தைத்தவர் வீட்டில் யாரும் போய்க் கேட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாந்த்ரா இறைச்சிக்கூடத்துத் தோலை நம்பி தாராவியில் பதனிடும் தொழில் வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் பெரும்பங்கு நம் தமிழர்கள். உங்கள் தாத்தா தொட்டியில் நின்றதும் இந்த நகரத்தின் பாரம்பரியம்தான். அதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

தோல் வேலையைச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. 2015இல் மகாராஷ்டிர அரசு பசுவதைத் தடையைக் காளைகளுக்கும் எருதுகளுக்கும் நீட்டித்தபோது தாராவியின் தோல் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். நுண்கலை படித்த சுதீர் ராஜ்பர் அவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார். வட இந்தியாவில் வசையாக வீசப்படும் சாதிப் பெயரையே தன் நிறுவனத்துக்கு வைத்தார்: சமார் ஸ்டூடியோ. பெரிய துணிச்சல் அது. ஆனால் அது அவர் எடுத்த முடிவு. நீங்களும் அப்படிச் செய்தாக வேண்டும் என்று உங்கள் ஆசிரியரோ நானோ சொல்ல முடியாது. சாதியைப் பற்றி எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. மதிப்பெண்ணுக்காக அதைச் சொல்லாதீர்கள்.

இனி, உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அப்பாவின் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் பேட்டர்னை (வெட்ட வேண்டிய வடிவத் தாளை) வைத்துக் குறிப்பதை நீங்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். இடுப்புப் பட்டி எந்த இடுக்கில் போகும், பாக்கெட் எந்த மிச்சத்தில் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்கு. வெட்டும்போது சுமார் 15 சதவீதத் துணி வீணாகிறது என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வீணில்லாமல் வெட்டுவதை உலகத்துக் கல்லூரிகள் இன்று புதுப் பாடமாக நடத்துகின்றன. செவ்வகங்களும், கீழே விரியும் கலித் துண்டுகளுமாக வெட்டப்படும் நம் பழைய குர்தாவில் ஏற்கெனவே அந்தப் பாடம் இருக்கிறது. டெனிமை, நூல் ஓடும் திசை தப்பி வெட்டினால் நாலு சலவையில் கால் தையல் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும் என்பதை உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? எந்தப் பட்டன் முதலில் விழும், காஜா எங்கே பிரியும் என்று அம்மாவின் விரல்களுக்குத் தெரியும். உங்கள் கலெக்‌ஷனை இங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். அப்பாவோடு உட்கார்ந்து, ஒரே அகலத் துணியிலிருந்து மிச்சமில்லாமல் வரும் ஒரு கால்சட்டையையும் ஒரு மேல்சட்டையையும் வெட்டிப் பாருங்கள். மெஷின் தையலைத் தவிர மற்ற கைவேலையை அம்மாவிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். வெட்டு, தையல், காஜா, பட்டன், பிசிறு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆனது என்று எழுதி, மதிப்பெண் போடும் ஜூரியின் முன் வையுங்கள். பரிதாபப்படுகிறவர்கள் அப்போது கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் பிரியா அலுவாலியா இதற்கு நெருக்கமான வழியில் போனவர். தந்தை நைஜீரியர், தாய் இந்தியர். லாகோஸிலும் பானிபட்டிலும் குவியும் பழைய உடைகளைப் பார்த்த பிறகு, அந்தத் துணியையே தன் மூலப்பொருளாக்கிக்கொண்டார்.

கடைசியாக அந்தப் பயிற்சி. இந்த விஷயத்தில் உங்கள் அப்பா சரியாகச் சொல்கிறார். மும்பையில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க வீட்டில் வேறு வருமானம் வேண்டும். அது உள்ளவர்கள் மட்டுமே அந்த அறைக்குள் நுழைய முடிகிறது. பிறகு எல்லோரும் ஒரே மாதிரிக் கதை சொல்கிறார்கள் என்று நாம் வருத்தப்படுகிறோம். அந்த டிசைனரிடம் மாத உதவித்தொகை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மாதிரி உடைகள் தைக்கும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்குச் சேருங்கள். பேட்டர்ன் வேலையை அங்கே நன்றாகக் கற்கலாம். ராகுல் மிஸ்ரா வந்த அதே மேடையில் புதியவர்களுக்கென்று ஜென்நெக்ஸ்ட் என்ற பிரிவு இருக்கிறது. ஓரிரு ஆண்டுகள் கழித்து அதற்கு விண்ணப்பியுங்கள்.

ஜூரி முடிந்ததும் எழுதுங்கள். அந்தக் கூலிப் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள். எனக்கு அதைப் படிக்க வேண்டும்.

அன்புடன்.